கவிழ்த்த வாளி

கொட்டுகிற மழையில் சாக்கைத் தலைமேல் கொங்காணி போட்டுக்கொண்டு புஷ்பம் கிணற்றில் இறைக்கிறாள். கீரைப் பாத்தியில் ஏற்கெனவே கணுக்கால் தண்ணீர். இறைத்ததை வேலியோரத்து முருங்கைக்கு ஊற்றுகிறாள்.

“இன்னாக்கா, வானம் ஊத்துறது பத்தலியா?” என்று தெருவில் போகிறவன் கேட்டால், “அது ஊருக்கு ஊத்துது. இது என் மொறை, நைனா. ஒரு நாளு வுட்டா, ‘அவ வாணான்னுதானே இருந்தா’ன்னு சொல்லிடுவானுங்கோ” என்பாள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்தத் தோட்டம் மயிலாப்பூர் ஸ்ரீரங்கனுடையது. பாதியில் புஷ்பம் கீரை போடுகிறாள். புருஷன் இருந்த நாளிலிருந்து குத்தகை. மறுபாதியில் ஷரீஃப் பூச்செடி வளர்த்து, பெசன்ட் நகரில் எழும்புகிற புது வீடுகளுக்கு விற்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே கிணறு. ஆற்றோரத்தில் மற்றக் கிணறெல்லாம் உப்புக் கரிக்கும், இது ஒன்றுதான் நல்ல தண்ணீர். இது போனால் கீரை கருகும், அவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கூடையோடு மந்தைவெளித் தெருக்களில் போனால் பேரம் பேச விடுவாள், கீரைத் தண்டைக் கிள்ள விடமாட்டாள். “கிள்ளாதம்மா, வலிக்கும். இன்னா கேக்கணுமோ என்னைக் கேளு.”

அந்தக் கிணற்றடியில் ஒரு வழக்கம். இறைத்து முடித்தவர் வாளியைச் சுவர்மேல் கவிழ்த்து வைக்கவேண்டும். கவிழ்ந்திருந்தால் அடுத்தவர் முறை. நிமிர்ந்திருந்தால் இன்னும் ஆள் முடிக்கவில்லை. ஷரீஃப் மோட்டார் போட்டபின் வாளியைத் தொடுவதில்லை. அவளோ அவனுக்காகக் கவிழ்த்தபடியே இருந்தாள்.

“சுவிட்சப் போட்டா எனக்குத் தண்ணி வருது. பக்கெட்டு கவுந்தா இன்னா, நிமிந்தா இன்னாக்கா?”

“நீ சுச்சப் போடு பாய். நான் என் வேலயப் பாக்கறேன்.”

போன கார்த்திகை மழையில் ஸ்ரீரங்கன் குடையோடு வந்து நின்றார். குத்தகை நிலத்தை மீட்க வேண்டும், தண்ணீரை நிறுத்தினால் இவள் தானே போய்விடுவாள் என்பது அவர் எண்ணம்.

“புஷ்பம், நோக்கு விட்டது நிலம் மட்டுந்தான். கெணறு இனிமே மோட்டாருக்கு. இப்படிக் கொட்டிண்டிருக்கு, தண்ணி எதுக்கு நோக்கு?”

“மய நின்னுட்டா கெணத்தைத் திருப்பிக் குடுப்பியா சாமி?”

அவர் மோட்டார்க் கொட்டகை வாசலில் நின்ற ஷரீஃபைப் பார்த்தார். “நீயே சொல்லுப்பா. மோட்டார் வந்தப்பறம் முறைன்னு ஒண்ணு இருக்கா இங்கே?”

புஷ்பமும் அவனைத்தான் பார்த்தாள். அவன் ‘இல்லை’ என்று சொன்னால் கிணறு முழுக்க அவனுக்கு. பிடரியைச் சொறிந்தான். கொட்டகைக்குள் போய் மோட்டாரை நிறுத்தினான். திரும்பி வந்து, மழையில் நனைந்துகொண்டே ஒரு வாளி இறைத்தான். பழக்கம் விட்டுப்போன கை, பாதி தண்ணீர் லுங்கியில். மிச்சத்தை ரோஜாத் தொட்டியில் ஊற்றிவிட்டு, வாளியைச் சுவர்மேல் கவிழ்த்தான்.

“என்து ஆச்சுக்கா. ஒன் மொறை.”

ஸ்ரீரங்கன் குடையைக் கை மாற்றினார்.

புஷ்பம் வாளியை எடுத்தாள். ஒரு வாளி இறைத்து முருங்கைக்கு ஊற்றினாள். வாளியை நிமிர்த்தியே சுவர்மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். வாளியில் மழை விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு அவர் நடையைக் கட்டினார். குடை தெருமுனை திரும்பிய பிறகுதான் எழுந்து, வாளியைக் கவிழ்த்தாள்.