சுகமானவளுக்கு ஒரு வாக்கர்

என் மனைவி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்தாள். பிடித்து நடக்க வீட்டில் வாக்கர் இல்லை. வாக்கர் கொடுப்பதுதான் அப்போது என் வேலை.

தொண்ணூறுகளில், நியூசிலாந்தின் ஒக்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியின் நிலவறையில் எட்டு வருசம் இருந்தேன். வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்கு ஊன்றுகோல், வாக்கர், கட்டிலடியிலேயே மலசலம் போக வைக்கிற கொமட் கதிரை எல்லாம் இரவல் கொடுக்கிற அறை. யாழ்ப்பாணத்தில் நான் கணித ஆசிரியர். அதை விடுங்கள். இந்த வேலையில் ஒன்று படித்தேன். சாமான் கேட்டு வருகிறவனை விட, திருப்பித் தர வருகிறவனைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறவர்களுக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பலாம்.

திங்கட்கிழமை

எங்காவது சுகமளிக்கும் கூட்டம் நடந்தால் திங்கட்கிழமை எங்களுக்குத் தெரிந்துவிடும். ஊன்றுகோல்கள் திரும்பி வரும். முதல் தடவை அவற்றைக் கழுவி அடுக்கப் போனேன். என்னோடு வேலை செய்த தொங்கா நாட்டுக்காரி செலா தடுத்தாள். வியாழன் வரை கீழ்த்தட்டில் கிடக்கட்டும் என்றாள். அவளும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான்.

ஒரு சமோவாக்காரர் வந்தார். பெரிய உடம்பு. இரண்டு ஊன்றுகோலையும் மேசையில் வைத்து, ஆண்டவர் முழங்காலைத் தொட்டார் என்று சொல்லி அழுதார். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். மனதாரத்தான். புதன்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். கீழ்த்தட்டில் கிடந்த அதே ஊன்றுகோல்களை எடுத்துக் கொடுத்தேன். அவரே சொன்னார்: "ஆண்டவர் தொட்டது உண்மை. எங்கள் வீட்டுப் படிதான் அதை நம்பவில்லை."

போர்வை

எங்கள் தமிழ்ச் சபையைச் சேர்ந்த ஒரு பெண். எல்லர்ஸ்லிப் பக்கம் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. தாய்க்குப் புற்றுநோய், எழும்ப முடியாது. கொமட் கதிரை எடுக்க வந்தாள். காரில் ஏற்றிவிடப் போனேன். பின்சீட்டில் போர்வை ஒன்று ஆயத்தமாக இருந்தது. கதிரையை மூடி, நாலு பக்கமும் செருகினாள். வெளியில் நல்ல வெயில். ஏன் பிள்ளை என்று கேட்டேன்.

"பின்னேரம் எங்கட வீட்டிலதான் செபக்கூட்டம், அங்கிள். இதைக் கண்டா, அம்மாவைச் சாகிறதுக்கு ஆயத்தப்படுத்திறம் எண்டு நினைப்பினம்."

சாட்சி

அவளுக்கு நான் புத்தி சொல்லவில்லை. என் வீடும் அப்படித்தான் இருந்தது.

மனைவிக்கு நடுக்குவாதம். கை நடுங்கும். நடக்கும்போது கால் திடீரென்று நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் சபை த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு வாடகை மண்டபத்தில் கூடும். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து அவள் தலையில் கை வைத்துச் செபித்தார். நடுக்கம் நின்றது. ஒரு மணித்தியாலம் நின்றது. வாய் திறக்காத நான் மேடையேறி, இவளுக்குப் பூரண சுகம் என்று சாட்சி சொன்னேன். முன்கூட்டியே விசுவாசத்தில் சொன்னால் ஆண்டவர் நிறைவேற்றுவார் என்பது எங்களிடம் உள்ள வழக்கம். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாமல் நின்றாள்.

சொன்ன சாட்சியை எப்படித் திருப்பி வாங்குவது? ஞாயிறுதோறும் நலம் விசாரிப்பார்கள். சுகம் என்பேன். அவள் நடப்பதை யாரும் பார்க்காதபடி நேரத்தோடு கூட்டிப்போய் இருத்திவிடுவேன். செலாவுக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் வாக்கர் ஒன்றை என் பக்கம் தள்ளி, கொண்டுபோ என்றாள். மனைவிக்குத் தேவையில்லை என்றேன்.

"அவளுக்குத் தேவையில்லையா, உனக்கா?" என்றாள்.

வாட்டில்

காலையில் நான் வேலைக்குப் போனபின் விழுந்தாள். நாலு மணிக்கு வந்து கதவைத் திறக்கும்வரை ஈரத்தரையில் கிடந்தாள். கூப்பிட்டுப் பார்த்தாளாம். பிறகு விட்டுவிட்டாளாம். அன்றைக்கு நான் ஐந்து பேருக்கு வாக்கர் கொடுத்திருந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சத்திரசிகிச்சை முடிந்து, வாட்டில் கிடந்தாள். சபைச் சகோதரர் ஒருவர் திராட்சைப்பழத்தோடு வந்து உருக்கமாகச் செபித்தார். நல்ல மனுசன். போகும்போது என்னை வெளியே கூப்பிட்டு, தோளில் கை போட்டுச் சொன்னார்: "ஆண்டவர் தந்த சுகம் தானாப் போகாது, அண்ணை. உங்கட வீட்டுக்குள்ள எங்கேயோ அவிசுவாசம் பூந்திட்டுது."

அளவு

அதை நம்பினேன். இரண்டு கிழமை எனக்குள்ளே அந்த அவிசுவாசத்தைத் தேடினேன். செபிக்க உட்கார்ந்தால் வாய் வரவில்லை. பொய் சொல்லி அவளை விழுத்தினவன் எந்த முகத்தோடு கேட்பது? கேட்காமலும் இருக்க முடியவில்லை. சும்மா இருந்துவிட்டு எழும்புவேன்.

வாட்டிலிருந்து சீட்டு என் மேசைக்கே வந்தது. ஒரு வாக்கர். உயரம் எழுதவில்லை. காலில் உள்ள பொத்தானை அமுக்கி, ஓட்டை ஓட்டையாக உயர்த்த வேண்டும். முப்பத்தைந்து வருசம் பக்கத்தில் நடந்தவளுக்கு அளவெடுப்பானேன் என்று கண்மதிப்பில் போட்டேன். பிடித்து நின்றபோது அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறின. நடை பழக்குகிற வெள்ளைக்காரப் பெண் குனிந்து மூன்று ஓட்டை குறைத்தாள். நிமிர்ந்து கேட்டாள்: "நீங்கள் வைத்த அந்த உயரத்தில் இவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

மைக்

வீட்டுக்கு வந்து மூன்றாம் ஞாயிறு, கோயிலுக்கு என்றாள். அடுத்த கிழமை பார்ப்போம் என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு இருந்தாள். மண்டப வாசலில் வாக்கரை மடித்து வைப்போம், நான் பிடிக்கிறேன் என்றேன். அவள் மடிக்கவில்லை. நடு வழியால் போனாள். பலகைத் தரை, ஒவ்வொரு அடியும் கேட்டது. பாட்டு பாதியில் நின்றது. மேடைக்கு ஏற முடியாது, மைக்கைக் கீழே தாருங்கள் என்றாள். இன்னொரு சாட்சி என்று பாஸ்டர் சந்தோசமாகக் கொடுத்தார். மைக் அவள் கையில் ஆடியது.

"போன வருசம் இவர் சொன்ன சாட்சி பொய். எனக்கு அண்டைக்கும் சுகமில்லை, இண்டைக்கும் இல்லை. ஆண்டவரை நம்பிறன், அதில மாற்றமில்லை. செபிக்கிறதெண்டால் செபியுங்கோ. முதல்ல ஆராவது ஒரு கதிரை கொண்டாங்கோ, நிக்க ஏலாமல் கிடக்கு."

நடுக்கம் வருசத்துக்கு வருசம் கூடியது; எங்கள் வீட்டில் சுகமானது என் பொய் ஒன்றுதான், அதைச் சுகமாக்கினவள் என் மனைவி நேசமலர்.