ரவுட்டரை அணைத்த பிறகும் தெரிந்த பெயர்

நாகலெட்சுமி வீட்டு இன்டர்நெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குறையும் இருந்ததில்லை. மற்ற நாட்களில் சாயந்தரம் ஐந்து மணி சுமாருக்கு அது நின்றுவிடும். மகள் கிருஷாந்தி ஜோர்தானிலிருந்து போன் எடுக்கிற நேரமும் அதுதான். வேலை செய்யும் வீட்டுக்காரி பகல் சாப்பாடு முடிந்து தூங்கும்போது மட்டுமே அவள் கைக்குப் போன் கிடைக்கும். திரையில் முகம் தெரியும், "அம்மா" என்று ஒரு சத்தம் வரும், அத்தோடு படம் உறைந்துபோகும். வாய் திறந்தபடி, கண் பாதி மூடியபடி நிற்கும் மகளைப் பார்க்க முடியாமல் நாகலெட்சுமி போனைக் கவிழ்த்து வைப்பாள். வெளிநாட்டுக்கு அனுப்பிய இரண்டு பிள்ளைகளில் ஒன்று ஏற்கெனவே பெட்டியில் திரும்பி வந்தாயிற்று.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளான மேல் லயத்தில் பிறந்து, அதே லயத்தில் வாழ்க்கைப்பட்டு, முப்பது வருஷத்துக்கு மேலாகக் கொழுந்து பறிக்கிறவள் அவள். புருஷன் இராமையா மலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது குளவி கொட்டிச் செத்துப்போனான். முகமெல்லாம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தாள், மடியில் போட்டுக்கொண்டு கதறினாள். அவன் போய்விட்டான் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

மகன் வினோஜன் விஷயம் அப்படியில்லை. கட்டாரில் வேலை செய்தவன், போன வருஷம் லீவில் வந்தபோது இந்த ரவுட்டரை வாங்கி முன் காம்பரா ஜன்னலில் வைத்தான். அந்த ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் இருந்தது. வைஃபைக்குத் தன் பெயரையே போட்டான். பாஸ்வேர்டை அம்மாவுக்கு மனப்பாடம் பண்ணிக்கொடுத்தான். "யாருக்கும் சொல்லிராதம்மா. லயத்துக்கே தெரிஞ்சா ஒரே வாரத்துல டேட்டாவ குடிச்சிருவாங்க." அவளும் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பரா ராசம்மா கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை.

லீவு முடிந்து போன சில மாதங்களில், தூங்கப் போனவன் காலையில் எழும்பவில்லை என்று செய்தி வந்தது. பெட்டி வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. நாளாகிவிட்டது, திறக்கவே கூடாது என்று கூட வந்தவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். லயமே திரண்டு நின்று சண்டை போட்டும் ஆணியைக் கழற்ற விடவில்லை. லயத்துப் பெண்கள் பலகையைத் தடவி அழுதார்கள், நாகலெட்சுமிக்கு மட்டும் அழுகை வரவில்லை. அதை அப்படியே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். கருமாதியும் முடிந்தது. நெட் நிற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஊரில் வைத்தியத்துக்கா பஞ்சம்? ஒருத்தர் ரவுட்டரை அலுமாரி மேல் வைக்கச் சொன்னார். இன்னொருத்தர் சுவரில் ஈரம், அதுதான் இழுக்கிறது என்று பொலித்தீனில் சுற்றச் சொன்னார். சுற்றியதில் அது அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. ராசம்மாதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"மொகம் பாக்காம அனுப்புன உசுரு அக்கா. அது எங்க போவும்? வீட்டத்தான் சுத்திக்கிட்டு கெடக்கும். என்னைய மறந்துட்டு தங்கச்சிகூட மட்டும் பேசுறாங்களேன்னு அவன்தான் கட் பண்றான்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவள் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். நாகலெட்சுமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கறி சமைத்து மகன் படத்துக்கு முன்னால் இலை போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நெட் நிற்பதில்லை. வயிறு நிறைந்தால் பேசாமல் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? மறுநாளிலிருந்து தினமும் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்ததும் படத்துக்கு முன்னால் தேத்தண்ணீரும் மீன் வைத்த மாலுபாணும் வைத்தாள். அப்படியும் ஐந்து மணிக்கு மகள் முகம் உறைந்தது. "தின்னுட்டும் அடம் புடிக்கிறியா?" என்று படத்தைப் பார்த்துத் திட்டினாள். திட்டிய வாயாலேயே மன்னிப்பும் கேட்டாள்.

கடைசியில் டவுனில் போன் கடை வைத்திருக்கும் பஸ்லானைக் கூட்டிவந்தாள். அவளுக்கு வேலையில்லாத நாளென்று ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். நெட் பறந்தது. பஸ்லான் அவள் போனில் ஒரு கிரிக்கெட் மேட்ச்சே பார்த்து முடித்தான்.

"இதுக்காம்மா இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க?"

"நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்க தம்பி. அப்பத்தான் அவன்... அப்பத்தான் கட் ஆவும்."

நல்ல மனுஷன், வந்தான். அடுப்படிப் பக்கம் பலகையைப் போட்டு உட்கார்ந்து தன் போனை நீட்டினான். அவள் பாஸ்வேர்டைக் கையால் மறைத்துக்கொண்டு தானே அடித்துக் கொடுத்தாள். பஸ்லானுக்குச் சிரிப்பு வந்தது. அவள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவன் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ நின்றது. எழும்பிப்போய் ரவுட்டரைப் பார்த்தான். எல்லா விளக்கும் சரியாகத்தான் எரிந்தது. ஒருமுறை அணைத்துப் போடுவோமென்று ஒயரைப் பிடுங்கினான். விளக்குகள் செத்தன.

போனில் வினோஜன் என்ற பெயர் அப்படியே இருந்தது.

பஸ்லான் கையிலிருந்த ஒயரைப் பார்த்தான், போனைப் பார்த்தான், வாய்க்குள் ஏதோ ஓதினான். நாகலெட்சுமி தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். பெயருக்குப் பக்கத்திலிருந்த கோடுகள் கொஞ்ச நேரம் நின்றன, பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்தன. யாரோ வீட்டைத் தாண்டி நடந்து போவது போலிருந்தது. அப்புறம் பெயரும் மறைந்தது.

தைரியம் திரும்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இதே பேருல, இதே பாஸ்வேர்டுல இன்னொரு வைஃபை பக்கத்துல வந்துட்டுப் போவுதும்மா. போன் ரெண்டும் ஒண்ணுன்னு ஏமாந்து அதுல தொத்திக்கிது. அதுல டேட்டா இல்ல, அதான் கட் ஆவுது. பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் அவனுக்கும்தான்."

"அவர் எங்க இருக்காரு?"

அவள் மாலை போட்ட படத்தைக் காட்டினாள். பஸ்லான் ஒயரை மாட்டிவிட்டு, தேத்தண்ணீரைத் தொடாமலே கிளம்பினான். வாசலில் நின்று, "இங்க பேர மட்டும் மாத்திட்டா சரியாப்போயிரும்மா. ரெண்டு நிமிச வேல. மாத்தட்டுமா?" என்றான்.

"வேணாம் தம்பி."

ஏன் வேண்டாமென்று அவனுக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்லலாம். பெயரை மாற்றினால் மகளோடு நிம்மதியாகப் பேசலாம். ஆனால் தினமும் வந்துபோவது அவனாக இருந்தால்? பெற்ற பிள்ளை வாசல்வரை வரும்போது கதவைச் சாத்துகிற மாதிரியல்லவா ஆகிவிடும்? பெட்டிக்குள் இருந்தது அவன்தானா என்பதே அவளுக்கு நிச்சயமில்லை. பேயாக வருகிறானோ, உயிரோடு வருகிறானோ, வருகிறவனை ஒருதடவை பார்த்துவிட வேண்டும். பயம் இருந்தது. ஆசை அதைவிட அதிகமாக இருந்தது.

மறுநாள் கொழுந்தை நிறுத்த கையோடு ஓடிவந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு முகம் கழுவினாள். தலை சீவினாள். விபூதி பூசிக்கொண்டு, பஸ்லான் செய்ததுபோல ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, போனைப் பிடித்தபடி பின்கதவைத் திறந்து நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. லயத்துக்குப் பின்னால் பனி இறங்கித் தேயிலைச் செடிகள் பாதிதான் தெரிந்தன.

பெயருக்குப் பக்கத்தில் கோடுகள் கூடின. முன்பக்கம் ஒரு அடி வைத்தாள், குறைந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பாதையில் இறங்கினாள், கூடியது. "ராசா" என்று கூப்பிட்டாள். ஈரக் கல்லில் வழுக்கிக்கொண்டு போனாள். கோடுகள் நிறைந்த இடத்தில் சவுக்கு மரத்தடியில் ஒரு குடை தெரிந்தது.

குடைக்குள் நின்றது நிலக்ஷி. கீழ் லயத்துப் பெண். தோட்டத்துப் புள்ளக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். வேலை முடிந்து தினமும் இந்தக் குறுக்குப் பாதையால்தான் வீட்டுக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புள்ளக் காம்பரா பூட்டு. கையில் போன் ஒளிர்ந்தது.

நாகலெட்சுமிக்கு முதலில் வந்தது கோபமுமில்லை, ஆச்சரியமுமில்லை. பெரிய ஏமாற்றம். பேயாகவே இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

"நீயா? ஒனக்கு எப்புடி இந்தப் பேரு..."

நிலக்ஷி அழுதுவிட்டாள். மெதுவாகத்தான் எல்லாம் வந்தது. "அவரு லீவுல வந்தப்ப என் போன் ஹொட்ஸ்பொட்டுக்கு வீட்டு வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் போட்டுக் குடுத்தாரு. நான் இங்க வந்து நின்னு அத போட்டா, அவரு போன்ல நெட் நின்னுரும். நான் வந்துட்டேன்னு தெரிஞ்சிக்கிட்டு வெளிய வருவாரு. தங்கச்சி கல்யாணம் முடிஞ்சதும் உங்ககிட்ட சொல்றேன்னு சொன்னாரு."

நாகலெட்சுமிக்கு நினைவு வந்தது. லீவு நாட்களில் சாயந்தரமானால், "நெட் இல்லம்மா, வெளிய போயி சிக்னல் பாத்துட்டு வாறேன்" என்பான். நெட் நின்றதற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷனை அவள் வேறெங்கும் கண்டதில்லை.

"இப்ப எதுக்கு புள்ள போடுற?"

"தெரியல. போட்டா வந்துருவாருன்னு ஒரு இது. வீட்டுல நெட் நிக்குதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

மழையில் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நின்றார்கள். இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாததை நாகலெட்சுமி அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "பெட்டிய தொறக்கவே உடல. அதுக்குள்ள இருந்தது எம்புள்ளதானான்னு எனக்குத் தெரியாது."

நிலக்ஷி குடையை அவள் பக்கம் சாய்த்தாள். பிறகு, "அவருதான் அத்த" என்றாள். "ரூம்ல கூட இருந்தவருகிட்ட அழுது கேட்டேன். அன்னிக்கு காலையில வீடியோல காட்டினாரு. அப்பவே ஒரு படம் புடிச்சி வச்சேன். பாக்குறீங்களா?"

பார்த்தாள். நெஞ்சுவரை சாம்பல் நிறப் போர்வை. சவரம் செய்யாத முகம். தூங்கும்போது ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும் அதே வாய். தடவிக் கொடுப்பதற்காகக் கன்னத்தில் விரல்களை வைத்தாள். படம் பெரிதாகி, மூடிய கண் ஒன்று மட்டும் திரை முழுக்க நிறைந்தது. பதறிக் கையை எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். "ஆமா, அவன்தான்" என்றாள். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அவளால் அழ முடிந்தது. பெட்டிக்கு முன்னால் அழாத அழுகை, தேயிலைக்குள்ளிருந்த குருவிகள் கிளம்பிப் பறக்கிற அளவுக்கு அழுதாள்.

அழுகை அடங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் வரமாட்டான் புள்ள. பேர மாத்திரு" என்றாள். "ஒம் பேரையே போடு."

நிலக்ஷி போனில் செட்டிங்ஸைத் திறந்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். நாகலெட்சுமி அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து, ரவுட்டர் ஒயரை மாட்டிவிட்டு, அடுப்போரம் உட்காரவைத்துத் தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். தண்ணீர் கொதிப்பதற்குள் போன் அடித்தது.

கிருஷாந்தி எடுத்த எடுப்பில், "கட் ஆவுறதுக்குள்ள சொல்லிர்றேன்மா" என்று அவசரமாகத் தொடங்கினாள். வீட்டுக்காரியின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாள், தனக்கு முழங்கால் வலி என்றாள். சொல்லி முடித்துவிட்டுக் கட் ஆகுமென்று காத்திருந்தாள். ஆகவில்லை.

"என்னாம்மா, சரியாயிருச்சா?"

"சரியாயிருச்சு கண்ணு. நீ பேசு."

மகள் சிரித்தாள். எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினாள். நாகலெட்சுமி உம் கொட்டிக்கொண்டே பின்கதவைப் பார்த்தாள். இந்த நிமிஷம் நிற்கும், இதோ இந்த நிமிஷம் நிற்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். படம் ஒருமுறைகூட உறையவில்லை. அடுப்போரம் துண்டை மடியில் வைத்துக்கொண்டிருந்த நிலக்ஷியும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.