சுண்ணாம்புக் கோட்டு வீடு

எனக்கு வந்த வேலைகள் எல்லாம் அப்பாவைத் தேடிப் புறப்பட்டு, வழியில் என்னிடம் தங்கிவிட்டவை. தஞ்சாவூரில் அவர் கட்டிய வீடுகளின் நடுவே, வானம் இறங்கி உட்காரும் வட்ட முற்றங்கள் இருக்கும். பத்திரிகைக்காரர்கள் வந்து படமெடுத்துப் போவார்கள். நானும் கட்டடக்கலைதான் படித்தேன். கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் அவர் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள்.

தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம். துபாயிலிருந்து ஒருவர், அதிராம்பட்டினத்தில் வீடு கட்டவேண்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடுவார்.

"அப்பா போடுற மாதிரி வட்ட முற்றம் வரணும்மா. அவங்க ஒரு தடவ பாத்துச் சரின்னுட்டா போதும்."

வட்டம் என் கைக்கு வரவில்லை. கடற்காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும் நீளமான வீடுதான் வந்தது. அப்பா உதட்டைப் பிதுக்கினால் அது காகிதத்தோடு போய்விடும். பட்டுக்கோட்டை தாண்டியதும் தென்னை நிழல்கள் பஸ்ஸுக்குள் ஓடும். அந்த அரைத்தூக்கத்தில் எத்தனையோ முறை அந்த வீட்டில் குடியிருந்து எழுந்திருக்கிறேன்.

மனையில் சுவர்கள் வரும் இடங்களில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டோம். துபாய்க்காரரின் மனைவி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இல்லாத சுவர்களில் இடித்துக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றி நடந்தார். அடுப்படியில் மட்டும், ஏதோ பேசிக்கொண்டே, சுவருக்குள் புகுந்து பக்கத்து மனைக்குப் போய்விட்டார். அங்கே அவருடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா, குடியிருந்தார்.

"பாத்தீங்களா, கால் அதுவா போகுது!" என்று அங்கிருந்தே சிரித்தார்.

காலால் கோட்டைத் தேய்த்தேன். அங்கே ஒரு கதவு வந்தது.

அடுத்த வாரம் அப்பா வந்தார். காரை விட்டு இறங்கியவர், வெளிச்சம் விழும் திசையை அண்ணாந்து பார்த்தபடி நேராகக் கூடத்தின் நடுவுக்கு நடந்தார்.

"ஐயா, ஐயா! செவுத்துல ஏறி வர்றீங்களே! வாசல் அந்தப் பக்கம்" என்றார் துபாய்க்காரரின் மனைவி.

அப்பா குனிந்தார். கோட்டின் மேல் அவருடைய செருப்புத் தடம்.

"எல்லா வீட்லயும் நடுவுல முற்றம் இருக்கும்னு நெனச்சே நடந்துடறேம்மா."

"இங்க காத்துதாங்க இருக்கு. அவங்க துபாய்லேர்ந்து போன் பண்ணட்டும், நான் சொல்லிக்கிறேன்."

அப்பா வந்த தடத்திலேயே வெளியேறி, சுவரோரமாக முழு நீளத்தையும் சுற்றி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றினார். காற்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது. அவர் உள்ளே வராமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்கப்பா" என்றேன்.