ஆதிலட்சுமி கொல்லைக்குப் போகும் வழி

அண்ணன் தம்பி சண்டையில் குடும்பம் அழியும் என்பார்கள். திருவண்ணாமலையில் ஒரு ரைஸ் மில்லே அழிந்தது. முதலாளிகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பூட்டு வாங்கி ஒரே கதவில் மாட்டினார்கள். அவர்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை, சோற்றுக்கு வழி இருந்தது. வயிற்றில் அடி விழுந்தது அங்கே எடை போட்டுக்கொண்டிருந்த சகாதேவனுக்குத்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. சகாதேவனுக்கு நாற்பதை நெருங்கும் வயது. இனி எந்த மில்லில் போய் நிற்பது? ஆனால் மனுஷனுக்கு ஒரு சொத்து இருந்தது, வாய். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து நெல் கொண்டுவந்த அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான். யார் வீட்டுப் பசு கன்று போட்டது, யார் மகள் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள், எல்லாம் அவனுக்குத் தெரியும். மலை சுற்றும் பாதையில் வெளியூர்க்காரர்கள் நிலம் தேட ஆரம்பித்திருந்த சமயம். "உன் வாய்க்குத் தரகுதான் சரி" என்று நாலு பேர் சொன்னார்கள். சரி, தரகு என்றால் யாரிடம் சேர்வது? ஊரில் இரண்டு இடம் இருந்தது.

ஒன்று பாஞ்சாலை. ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் வாடகைக்கு ரூம் பிடித்துக் கொடுப்பவள், சின்ன மனைகளும் பேசி முடிப்பாள். சகாதேவன் வயதுதான் இருக்கும். ஆபீஸ் கிடையாது. போன் கிடையாது. இரண்டு கால் உண்டு.

"வூட்டுக்காரங்களையும் குடி வர்றவங்களையும் மொதல்ல ஒண்ணா உக்கார வெச்சுக் காபி குடிக்க வெப்பேன்" என்றாள். "கேக்க வேண்டியத மூஞ்சியப் பாத்து அவங்களே கேட்டுக்கட்டும். அப்புறம்தான் நான் கைய நீட்டுவேன். கூலி கம்மி, நடை ஜாஸ்தி. இஷ்டம்னா வாங்க."

இன்னொன்று சக்கரபாணி. தேரடித் தெருவில் மாடி மேல் ஆபீஸ். போர்டு, போன், தலைக்கு மேல் மின்விசிறி, வாசலில் மோட்டார் சைக்கிள். சகாதேவனை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னான். மில்லில் இருந்த வரைக்கும் முதலாளி முன்னால் சகாதேவன் உட்கார்ந்ததே இல்லை. அந்த நாற்காலி பண்ணின வேலைதான் எல்லாம்.

"நம்ம தொழில்ல ஒரே ஒரு சங்கதிதான்" என்றான் சக்கரபாணி. "வாங்கறவனும் விக்கறவனும் ஒருத்தன ஒருத்தன் பாக்கவே கூடாது. பாத்துக்கினாங்கன்னா நடுவுல நாம எதுக்கு? இவன் பேச்ச நீதான் அவன்கிட்ட சொல்லணும். அவன் பேச்ச நீதான் இவன்கிட்ட சொல்லணும். உனக்கு அடி அண்ணாமலை ஊர்ல அத்தனை பேரும் ஒறமொற. உன்ன உட்டா எனக்கு யாரு?"

உறவுமுறையைத்தான் அவன் கூலிக்கு எடுக்கிறான் என்பது அப்போது சகாதேவனுக்கு உறைக்கவில்லை. மெச்சிக்கொள்கிறான் என்றே நினைத்தான். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி சரோஜா முகத்தைச் சுளித்தாள்.

"அந்த பாஞ்சாலையம்மாகிட்ட போனா இன்னா?"

"பொம்பளகிட்ட போய்க் கைகட்டி நிக்கச் சொல்றியா?"

"வூட்ல நிக்கலியா இப்போ?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். வெள்ளையாய் இருப்பதெல்லாம் பால் என்று நம்புகிறவனிடம் என்ன பேசுவது?

முதல் வியாபாரம் தானாகவே தேடிக்கொண்டு வந்தது. சகாதேவனுக்குப் பெரியம்மா மகள் ஆதிலட்சுமி, அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். மலை சுற்றும் பாதையை ஒட்டி ஒரு புன்செய்க் கொல்லை, அதில் மல்லாட்டை போட்டுப் பிழைக்கிறாள். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர். மகள் கஸ்தூரிக்கு நல்ல இடம் கூடி வந்திருந்தது. கொல்லையில் ரோட்டை ஒட்டின பாதியை விற்றுக் கல்யாணத்தை முடிக்கலாம், பின்பாதியை வைத்துக்கொண்டு கஞ்சி குடிக்கலாம் என்பது அவள் கணக்கு.

"தம்பி, நீ இருக்கும்போது எனக்கு இன்னா கவலை" என்றாள். "ஒண்ணே ஒண்ணுதான். பின்னால கொல்லைக்கு வண்டி போவ வழி உடணும். ஓரமா உட்டாப் போதும். அந்தப் பக்கம் ஓடையும் மலையுந்தான், வேற வழியில்ல. நானே அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கட்டுமா?"

"நான் கேக்கறேன்கா, நீ ஏன் அலையற."

சக்கரபாணியிடம் போய் அப்படியே சொன்னான். அவன் சிரித்தான். "வழி உடணும்னு சொன்னா வாங்கறவன் வெலையக் கொறைப்பான், இல்ல வேற எடம் பாப்பான். வழிப் பேச்சையே எடுக்காத."

"அக்காவாச்சே."

"அக்கா மவளுக்குக் கல்யாணம் நடக்கணுமா வேணாவா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்றான். நீ ஒரே ஒரு பொய் சொல்லப் போற."

வாங்குகிறவர் பெயர் ராமகிருஷ்ணன். அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு மலையைப் பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டுமென்று வந்தவர். நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவராகவேதான் கேட்டார்.

"பின்னால இருக்கிற நிலத்துக்கு அவங்க எப்படிப் போவாங்க?"

"அவங்களுக்கு ஏரிக்கரைப் பக்கமா வழி இருக்கு சார்" என்றான் சகாதேவன். சொல்லி முடித்த பிறகு காது இரண்டும் சுட்டது. அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய், "நல்ல மனுசன்கா, வழி உடறேன்னுட்டாரு" என்றான். அவள் கையெடுத்து மலையைக் கும்பிட்டாள். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

பத்திரம் எழுதும்போது, "வழியப் பத்தி எழுதியாச்சா?" என்று அவள் ஒரு தடவை கேட்கத்தான் செய்தாள். "வாயால சொன்ன மனுசன்கிட்ட போய் எழுதிக் கேட்டா மரியாதையா இருக்குமா?" என்று அதற்கும் ஒன்று சொன்னான். ஒரு பொய் எப்போது ஒண்டியாய்க் குடியிருந்திருக்கிறது? பதிவு ஆபீசில் விற்கிறவள் கைநாட்டு வைத்தால் போதும் என்பதால் வாங்கியவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கஸ்தூரி கல்யாணம் நன்றாக நடந்தது. மாமன் சீரோடு முதல் வரிசையில் நின்ற சகாதேவன் பந்தியில் உட்காரவில்லை.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் ராமகிருஷ்ணன் நிலத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டச் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஆதிலட்சுமி ஓடி வந்தாள்.

"தம்பி, வழி உடறேன்னவரு வேலி போட்டுட்டாருடா."

"நான் பேசிக்கறேன்கா. நீ போய் எதனா பேசி வெக்காத."

போனான். பேசத்தான் போனான். ராமகிருஷ்ணன் மோர் கொடுத்து, பூஜை அறை எங்கே, ஜன்னல் திறந்தால் மலை எப்படித் தெரியும் என்று அந்தக் கோட்டின் மேலேயே நடந்து காட்டினார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். சுவர் எழும்பவில்லை, கோடுதான் இருந்தது. மோரைக் குடித்துவிட்டு, நல்லா இருக்கு சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அக்காவிடம், "ஊருக்குப் போயிருக்காரு, வந்ததும் கேக்கறேன்" என்றான். அடுத்த தடவை, உடம்பு சரியில்லையாம் என்றான். சுவர் எழும்பியது. இன்னொரு ஓரத்தில் போர் போட்டுத் தண்ணீர்த் தொட்டி கட்டினார். கூரையும் ஏறியது.

பின்னால் ஆதிலட்சுமி போட்ட மல்லாட்டை விளைந்து நின்றது. கொல்லையைப் பார்ப்பதற்கே அவள் ஓடைக்குள் இறங்கிப் பாறை பிடித்து ஏற வேண்டியிருந்தது. மூட்டையோடு அப்படி ஏற முடியுமா? ஒருநாள் சகாதேவன் பக்கத்தில் நிற்கும்போதே, குனிந்து இரண்டு கை மண்ணை வாரி வேலிப் பக்கம் தூற்றினாள்.

"வயித்துல அடிச்சவன் நல்லா இருப்பானா? இந்த மண்ணு அவன் தலைல விழட்டும்."

காற்று எதிர்த்து அடித்தது. தூசி சகாதேவன் சட்டையில்தான் படிந்தது. தட்டிவிடக் கையைத் தூக்கினான், தட்டவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைத் தானே துவைத்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. வீட்டில் யாராவது அக்கா என்று சொன்னாலே எழுந்து வெளியே போனான்.

இப்படி இருக்கும்போது சக்கரபாணி கூப்பிட்டான். சந்தோஷமாக இருந்தான்.

"உங்க அக்கா பின் கொல்லை எப்ப வருது?"

"எங்க வருது?"

"நம்மகிட்டதான். வழியில்லாத நெலத்த வேற எவன் வாங்குவான்? சல்லிசா முடிச்சுடு. அந்த ரயில்வேக்காரருக்கே தோட்டத்துக்குன்னு நல்ல வெலைக்குத் தள்ளிடலாம். இது தெரிஞ்சுதானே அன்னிக்கு வழிப் பேச்சு வேணான்னேன்."

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, சகாதேவனுக்கு வேர்த்தது. சீ, இந்த நாற்காலிக்காகவா என்று இருந்தது. எழுந்து வந்துவிட்டான். வீட்டில் ஆதிலட்சுமி காத்திருந்தாள்.

"மீதியையும் வித்துடலாம்டா தம்பி. கண்ணு முன்னால வெளைஞ்சு அழுகிப் போறத பாக்க முடியல. வெலை கம்மின்னாலும் பரவால்ல. ஆனா உன் கையாலதான் முடிக்கணும். வெளியாள நான் நம்ப மாட்டேன்."

எரிகிற வீட்டில் பிடுங்குகிறவன் கையிலேயே வீட்டுச் சாவியைக் கொடுக்கிறாள். சகாதேவன் அவள் முகத்தைப் பார்க்காமல், "எழுந்து வாக்கா" என்றான்.

"எங்க?"

"அவருகிட்ட."

"அந்தப் பாவி மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

"பாவி அவரு இல்ல. வா."

இருவரும் குதிரை வண்டியில் அடி அண்ணாமலைக்குப் போனார்கள். ராமகிருஷ்ணன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சகாதேவனைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு வந்தார்.

"வாங்க சகாதேவன். யார் இந்த அம்மா?"

"இந்த நெலத்த உங்களுக்கு வித்தவங்க சார். பின் கொல்லையும் இவங்களுதுதான்."

"அடடா, பார்க்கணும் பார்க்கணும்னு இருந்தேன். உள்ள வாங்கம்மா. ஏரிக்கரை சுத்தி வர்றது உங்களுக்குச் சிரமமாச்சே."

"எந்த ஏரிக்கரை?" என்றாள் ஆதிலட்சுமி.

இதற்கு மேல் எதை மூடுவது? சகாதேவன் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அந்தப் பக்கம் வழியே கெடையாது சார். இருக்குன்னு உங்ககிட்ட சொன்னது நான். நீங்க வழி உடறேன்னதா அக்காகிட்ட சொன்னதும் நான். ரெண்டும் பொய்."

ராமகிருஷ்ணன் கோபப்படுவார் என்று சகாதேவன் காத்திருந்தான். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் தன் வீட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டிருந்தா விட்டிருப்பேனேய்யா. வீட்டை நாலடி தள்ளிக் கட்டியிருப்பேன், அவ்வளவுதானே? நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

இதை சகாதேவன் எதிர்பார்க்கவில்லை. பொய் சொன்னால்தான் கல்யாணம் நடக்கும் என்று நினைத்தானே, அந்தப் பொய்க்குத் தேவையே இருந்திருக்கவில்லை. அக்கா அன்றைக்கே நேரில் போய்க் கேட்டுக்கொள்கிறேன் என்றாள். தடுத்தது இவன்.

ராமகிருஷ்ணன் குறடு எடுத்து வந்து அப்போதே ஓரக் கம்பியை வெட்டினார். ஆனால் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் தொட்டி. நடுவில் ஆள் நடக்கலாம், வண்டி போகாது. இனி எந்தக் காலத்திலும் போகாது. ஆதிலட்சுமி அவரைக் கும்பிட்டாள்.

"தெரியாம உங்கள மண்ண வாரித் தூத்திட்டேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க."

சகாதேவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. வெட்டின கம்பிக்குள் புகுந்து கொல்லைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சகாதேவன் பாஞ்சாலையிடம் போய் நின்றான். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை, ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது. அவளோடு நடந்தான். செங்கம் ரோட்டில் வீடு வீடாகக் காபி குடிக்க வைத்தான். சில வருஷத்தில், "சகாதேவன் சொன்னா கண்ண மூடிகினு நம்பலாம்" என்று வீட்டுக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் முகம் கறுத்துப்போகும் அவனுக்கு. அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடி அண்ணாமலைப் பக்கம் மட்டும் அவன் போகவே இல்லை. அக்கா கொல்லையை விற்கவில்லை என்றும், விளைச்சலைத் தலைச்சுமையாகவே ரோட்டுக்குக் கொண்டுவருகிறாள் என்றும் கேள்விப்பட்டான். ஒரு அறுவடையின்போது மனசு கேட்கவில்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதா என்று அவனுக்கே தோன்றியது. தோன்றினாலும் தலையில் துண்டைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு போனான். மூட்டை தூக்கத்தான் போனான்.

ஆதிலட்சுமி தலையில் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. பிறந்த வீட்டுக்கு வந்திருந்த கஸ்தூரி இடுப்பில் குழந்தையோடு நிழலில் நின்றாள். சகாதேவன் ஒரு மூட்டையில் கை வைத்தான்.

"வேணாங்க" என்றாள் ஆதிலட்சுமி. "உங்களுக்கு எதுக்கு சிரமம். ஆளுங்க இருக்காங்க."

பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "கஸ்தூரி, தரகரு வந்திருக்காரு. குடிக்கத் தண்ணி குடு."

கஸ்தூரி சொம்பை எடுத்துக்கொண்டு பாதைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். எந்தத் தரகர் என்று அவளுக்குப் புரியவில்லை. அங்கே அவளுடைய மாமன் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தான்.