தருவைகுளம் போகிறீர்களா? பொங்கல் சாப்பிட்டுவிட்டு வள்ளத்தில் ஏறாதீர்கள்

பிள்ளைகளை அறிவியல் படிக்கச் சொல்வது சுலபம். சொல்லிவிட்டு நாம் ஊருக்கு பஸ் ஏறிவிடலாம். போன மாதம் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் என் நுண்ணோக்கியைக் காட்டி, "பெண்பிள்ளைகளே, தயங்காமல் இறங்குங்கள்" என்று முழங்கினேன். பதினோராம் வகுப்பு ஜெனிபா எழுந்தாள்.

"நான் எறங்க ரெடி சார். எங்கப்பாதான் வள்ளத்துல ஏத்த மாட்டேங்காரு. நீங்க வந்து சொல்லுங்க."

வகுப்பே கைதட்டியது. மாட்டிக்கொண்டேன்.

கடலில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் உயிர்களைப் பற்றி அவள் ஓர் ஆய்வு செய்கிறாள். கரைத் தண்ணீரையும் ஆழத்துத் தண்ணீரையும் ஒப்பிட வேண்டும். திங்கட்கிழமை இரண்டு மாதிரியும் பள்ளியில் கொடுத்தால்தான் மாவட்டக் கண்காட்சிக்குப் பெயர் போகும். ஆழத்து மாதிரி மட்டும் இல்லை.

ஆக, ஞாயிறு காலை நாலரைக்கு மதுரையில் பஸ் ஏறினேன். மூன்று மணி நேரம், நூற்றைம்பது ரூபாய். தூத்துக்குடியில் இறங்கி நெய் வழிய ஒரு பொங்கல், ஐம்பது ரூபாய். இந்தப் பொங்கலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தருவைகுளத்துக்கு டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நுண்ணோக்கிப் பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "தையல் மிசினா அண்ணாச்சி?" என்று கேட்டு அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

தேவாலயத்தில் பூசை முடிந்து ஊரே கரைக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் மீன்தொழிலுக்குப் போவதில்லை. ஜெனிபாவின் அப்பா சூசை அண்ணாச்சி என் உரையைப் பொறுமையாகக் கேட்டார்.

"பொம்பளப்பிள்ள ஏறுனா மீன்பாடு கெட்டுரும் சார். எங்க குடும்பத்துல அந்த வழக்கமே கெடையாது. நீங்க ஆம்பளதான? வாங்க, நீங்களே எடுத்துக்கிடுங்க."

ஜெனிபா ஒரு வலையைக் கையில் திணித்தாள். தங்கை முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக் கவுனிலிருந்து உள்துணியை வெட்டி, கம்பி வளையத்தில் தைத்து, நுனியில் ஒரு குப்பியைக் கட்டியிருந்தாள். அத்தனை நேர்த்தி. அவள் கரையில் நிற்க நான் ஏறினேன் என்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

நாற்பது நிமிடம் ஓடி சூசை வேகத்தைக் குறைத்தார். வள்ளம் ஆடியது. வலையை இறக்கினேன். போனில் ஜெனிபா, "மெதுவா இழுங்க சார்! வலைய மேல தூக்காதிய!" என்றாள். தூக்கினேன். குனிந்தேன். அதற்குப் பிறகு நடந்ததற்குக் கடல் பொறுப்பல்ல.

கரையில் ஜெனிபா நுண்ணோக்கியில் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சார், இது பொங்கல்."

சூசை அண்ணாச்சியும் எட்டிப் பார்த்தார். "மொளகு நல்லாத் தெரியுது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் குப்பியைக் கழுவத் தொடங்கினாள். கண் கலங்கியிருந்தது. நூற்றைம்பது கிலோமீட்டர் வந்து ஒரு பிள்ளையின் வாய்ப்பைப் பாழாக்கிவிட்டேன். மறுபடி வள்ளம் ஏற எனக்குத் தெம்பும் இல்லை.

சூசை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னைக்கு என்ன கெழம?" என்றார்.

"ஞாயித்துக்கெழம."

"மீனே பிடிக்காத அன்னைக்கு மீன்பாடு எங்கன கெடும்? ஏளா, செருப்பக் கழத்திட்டு ஏறு."

ஜெனிபா ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த குப்பித் தண்ணீரில், நுண்ணோக்கிக்குக் கீழே, கண்ணாடித் துண்டு போன்ற உடம்புகள் துள்ளின. சூசை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், நகரவே இல்லை. பின்னால் வரிசை நின்றது.

போகிறவர்களுக்கு: தொப்பியும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு இட்லி போதும். பெண்பிள்ளைகளை அறிவியலுக்கு அழைக்கப் போனால் உரையைக் குறையுங்கள், அப்பாவைப் பாருங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.

பஸ் ஏற்றிவிட வந்த சூசை, "வர்ற ஞாயிறும் தண்ணி எடுக்கணும்னு சொல்லுதா. நான் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார். பஸ் நகர்ந்ததும் சன்னலோரம் கூடவே நடந்துவந்து சொன்னார்:

"நீங்க வரண்டாம் சார்."

யாரும் என்னை இவ்வளவு சந்தோஷப்படுத்தி அனுப்பியதில்லை.