தராசில் சாய்ந்த போன்

சரக்கெடுக்க ஊரிலிருந்து வந்து, ஆரியசாலைச் சந்தையில் ஒரு மொத்த மிளகாய்க் கடையில் நிற்கிறேன். கடைக்காரர் என்னைக் கவனிக்கவில்லை. தராசில் சாய்த்து வைத்த போனில் பெண்கள் கால்பந்து லீக் ஓடுகிறது. கோல்கீப்பர் அவருடைய மகளாம்.

"டிவியில போடலியா அண்ணாச்சி?"

"ஆம்பிளைங்க மேட்ச்சுன்னா போடுவான். நம்ம பிள்ளைக்கு யூடியூப் மட்டும்தான், கேட்டோ."

எதிரணிக்குப் பெனால்டி. எதிரணிப் பெண் உதைக்க ஓடிவரும்போது படம் அப்படியே நின்றுவிடுகிறது. சுமைக்காரர்கள் இருவர் மூட்டையை இறக்கிவிட்டு எட்டிப் பார்க்கிறார்கள். அண்ணாச்சி போனைத் தட்டுகிறார். படம் திரும்ப ஓடும்போது, மகள் பந்தை நெஞ்சோடு அணைத்துத் தரையில் கிடக்கிறாள்.

"பிடிச்சிட்டாளே," என்கிறார். சுமைக்காரர்கள் கைதட்டுகிறார்கள்.

அடுத்த ஆட்டத்தை ஊரிலிருந்தே பார்க்க, அவரிடம் லிங்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.