சாப்பிட்டு வாங்க, காத்திருக்கோம்

திருவாரூர் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை. அங்கே நான் புடவைப் பிரிவில் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடங்களில் சத்துணவு போட ஆரம்பித்திருந்த சமயம் அது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் மணி அடித்ததும் தட்டோடு உட்கார்ந்தார்கள். எங்களுக்கு மட்டும் மதியச் சாப்பாடு எப்போது என்று தெரியாது.

கூட்டம் குறைந்தால் சூப்பர்வைசர் கண்ணைக் காட்டுவார். மாடிப்படிக்குக் கீழே, துணிமூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்போம். நாலு வாய் போவதற்குள் "ஆள் வந்திருக்கு, வாங்க" என்று குரல் வரும். கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு ஓட வேண்டும். பட்டில் எண்ணெய்க்கறை பட்டால் அவ்வளவுதான். தீபாவளி நெருங்கிவிட்டால் அந்த நாலு வாயும் கிடையாது. கடையில் பெஞ்சுகள் இருந்தன. அவை துணி எடுக்க வருகிறவர்களுக்கு. நாங்கள் திறந்ததிலிருந்து பூட்டுகிற வரை நின்றோம்.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சைக்கிளில் துணிமூட்டை கட்டி ஊர் ஊராக விற்று மேலே வந்தவர். யாருக்காவது காய்ச்சல் என்றால் மருந்து வாங்கித் தருவார். பசியைத் தாங்குவது மட்டும் வியாபாரத்தோடு சேர்ந்தது என்பது அவர் எண்ணம்.

என் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். நான் சிறுமியாக இருந்தபோது கூலி நெல்லுக்காக எங்கள் தெருவே சங்கம் சேர்ந்து பண்ணையை எதிர்த்து நின்றது. அடியும் வழக்கும் பட்டுத்தான் கூலி கூடியது. உச்சி வெயிலில் கரையேறி, நிம்மதியாகச் சோறு தின்று, கொஞ்சம் காலை நீட்டும் நேரமும் அப்போது கிடைத்ததுதான். "எம் பொண்ணு ஃபேனுக்குக் கீழ வேலை பாக்குது" என்று அவள் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாள். அதைக் கெடுக்க மனமில்லாமல் நான் எதையும் வீட்டில் சொல்லவில்லை. தின்னாத சோற்றை வழியில் வாய்க்கால் மீன்களுக்குக் கொட்டி, டப்பாவைக் கழுவிக்கொண்டு போவேன்.

அந்த வருஷம் குறுவை அறுவடை முடிந்து கையில் காசு புரண்டது. தீபாவளிக்கு முந்தைய வாரம் அம்மா எங்கள் தெருப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. முதலாளியே எழுந்து வந்து, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினார்.

என் பக்கத்தில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த, கூட வேலை பார்க்கிற அக்காவுக்கு அப்போது ஆறாவது மாதம். அலமாரிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் முந்தானையில் முடிந்துவைத்த பொரிகடலையை வாயில் போட்டுக்கொள்வாள். அன்று அதுவும் தீர்ந்திருந்தது. மேல்தட்டிலிருந்து ஒரு புடவையை எடுத்தவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். முகமெல்லாம் வியர்வை.

அம்மா பார்த்துவிட்டாள். "என்னம்மா, சாப்பிட்டியா?"

அக்கா தலையைக் குனிந்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். "நீ?"

"இன்னும் இல்லம்மா. இங்க யாருமே சாப்பிடல."

"பொழுது எங்க போயிருச்சு, இன்னும் இல்லையா?"

கையிலிருந்த புடவையை அம்மா மடித்து மேஜைமேல் வைத்தாள். முதலாளி பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"முதலாளி, இந்தப் புள்ளைங்க சாப்பிட்டு வரட்டுங்க. நாங்க இங்கயே காத்திருக்கோம். வந்தப்புறம் எடுத்துக்கறோம்."

"அட, வேற ஆள் காட்டுவாங்கம்மா. நீங்க பாருங்க."

"வேற ஆளும் சாப்பிடலையாமே?"

கூட வந்த பெண்களும் ஒவ்வொருவராகப் புடவையைக் கீழே வைத்தார்கள். ஒருத்தி வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். இன்னொருத்தி, "அவசரமே இல்லீங்க, கடைசி பஸ்ஸுக்குப் போனாப் போதும்" என்றாள். வாசலில் நின்ற கூட்டம் எட்டிப் பார்த்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

முதலாளி அக்காவின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு, "போங்கம்மா, சாப்பிட்டு வாங்க" என்றார். சூப்பர்வைசரை அனுப்பி அக்காவுக்குப் பாலும் பன்னும் வாங்கிவரச் சொன்னார்.

மூட்டைகளுக்கு நடுவில் அன்றுதான் டப்பாவைக் கடைசிப் பருக்கைவரை தின்றோம். அக்கா சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். யாரும் கூப்பிடவில்லை. வெளியே அம்மாவும் மற்றவர்களும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உங்கம்மா சங்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அதானே பாத்தேன்" என்றார். சாயங்காலம் சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்தி, இனிமேல் பாதிப்பேர் முதலில், பாதிப்பேர் பிறகு சாப்பிடப் போக வேண்டும், சாப்பிடும்போது யாரையும் கூப்பிடக்கூடாது, முதலாளி உத்தரவு என்று அறிவித்தார். அது தீபாவளி முடிந்த பிறகும் நிலைத்தது. நின்றுகொண்டே வேலை பார்ப்பது மட்டும் மாறவில்லை. கல்யாணமாகி நான் வேலையை விடும்வரை எங்களுக்கு ஒரு முக்காலிகூட வரவில்லை.

அக்கா தை பிறந்ததும் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை. பார்க்கப் போன முதல் ஆள் என் அம்மாதான்.